ஊசியம்மாவின் தொட்டாற்சுருங்கி

மலை ஆராய்ச்சி நிலையம்
மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம், நலம், நலமறிய அவா என்று தொடங்கினால், "யாருக்குடி எழுதுற, பெரிய ஆபீசருக்கா?" என்பாய். அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். முதுகு வலி எப்படி இருக்கிறது? மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா, இல்லை பள்ளி வேனை ஓட்டிக்கொண்டே பிஸ்கட்டில் காலம் தள்ளுகிறாரா? நான் சுகம். குளிரில் பல் கிட்டிக்கொள்கிறது. போன் சிக்னல் மட்டும் மலையேற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வாரம் ஒருமுறை வரும் தபால் வண்டிதான் எங்களுக்கு உலகம்.

உன்னிடம் ஒரு வேலை வாங்கப் போகிறேன். இத்துடன் வரும் பெட்டியில் மூன்று தொட்டாற்சுருங்கிக் கன்றுகள் இருக்கின்றன. இதே விதையில் முளைத்த இன்னும் மூன்று இங்கே என்னிடம் வளர்கின்றன. குளிர்ந்த ஊரிலும் சூடான ஊரிலும் ஒரே செடி ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் இலையைப் பார்த்திருப்பாய், ஒரு காம்பின் இருபுறமும் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். தினமும் பிற்பகலில், நுனியில் இருக்கும் ஜோடியை மட்டும், பெட்டியில் வைத்திருக்கும் தூரிகையின் ஒற்றை முடியால் பட்டும் படாமல் தொடு. எத்தனை ஜோடி மூடுகிறது என்று குறித்துக்கொள். சாயங்காலம் யாரும் தொடாமலே அவை இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடும். தூங்கும் நேரத்தையும் காலையில் விழிக்கும் நேரத்தையும் குறித்தால் போதும்.

ஏன் நான் என்று கேட்பாய். கைக்குழந்தையின் நரம்பைக்கூடக் குழந்தைக்குத் தெரியாமல் கண்டுபிடித்து ரத்தம் எடுக்கிற கை உன்னுடையது. பட்டும் படாமல் தொட உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது. இரண்டு வருடம் இங்கே உட்கார்ந்து தேய்த்ததற்கு இந்த ஒப்பீடு ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் என் ஆய்வை மேற்பார்க்கும் மேடம் என்னை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்.

உன்,
வாலு

*

வீடு
மார்ச் 17

அன்பு மகள் வாலுவுக்கு,

முதுகு அதன் இடத்தில் இருக்கிறது. உன் மாமாவுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் சமைத்தவளுக்குத்தான். நீ காதை மூடுகிற மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டு திரி. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது வழியாகத்தான் சளி பிடிக்கும்.

கன்றுகள் பத்திரமாக வந்தன. சன்னலோரம் வைத்திருக்கிறேன். மாமா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு உன் பொண்ணு மாதிரியே ரோஷம்" என்றான். இனி அதன் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எப்போதும் போலத்தான். "ஊசியம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். குழந்தைகள் என்னைப் பார்த்ததும் அழுகின்றன, ஊசி போட்டு முடித்ததும் எப்போது போட்டாள் என்று முழிக்கின்றன.

நீ சொன்னபடியே நுனியைத்தான் தொட்டேன். மொத்த இலையும் மூடிக்கொண்டு, காம்பும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ஒரு வாரமாக இதே கதைதான். அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் என்னைத் திட்டாதே, பேனா சரியில்லை.

அம்மா

*

மலை ஆராய்ச்சி நிலையம்
ஏப்ரல் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

காதுக்குக் குல்லாய் வாங்கிவிட்டேன். அதைப் போட்டால் குரங்கு மாதிரி இருக்கிறேன் என்று இங்கே ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். உன் முதுகுக்கு, படுத்துக்கொள்ள ஒரு பலகை வாங்கிப் பாரேன்.

உன் அளவுகளைப் பார்த்துக் குழம்பிவிட்டேன். இங்கே நுனியைத் தொட்டால் இரண்டு ஜோடி மூடும், மிஞ்சிப்போனால் மூன்று. உன்னிடம் இலை முழுவதும் மூடி, காம்பும் விழுகிறது. அது பலமாகத் தட்டினால் நடக்கிறது. மின்விசிறி ஓடுகிறதா? சன்னல் வழியாகக் காற்று வருகிறதா? குனிந்து பார்க்கும்போது உன் மூச்சு படுகிறதோ என்னவோ. கோபித்துக்கொள்ளாமல் ஒருமுறை சரிபார். என் கணக்குத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
வாலு

*

வீடு
ஏப்ரல் 15

அன்பு மகள் வாலுவுக்கு,

பலகை வாங்கியாயிற்று. அதில் படுத்தால் முதுகு வலி போய்க் கழுத்து வலி வருகிறது.

எனக்கா தொடத் தெரியாது? நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஊசி பிடிக்கிறேன். மின்விசிறியை நிறுத்தினேன், சன்னலைச் சாத்தினேன், திருடி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டேன். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். இலை மொத்தமாக மூடி, காம்பு விழுகிறது. நான் பார்ப்பதைத்தான் எழுதுவேன். உன் ஊர்ச் செடி சொரணை கெட்டதாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

தூங்குகிற கணக்கு மட்டும் உன்னுடையதோடு சரியாக ஒத்துப்போகிறது. வெளிச்சம் மங்க மங்க, ஒவ்வொரு ஜோடியும் கை கூப்புகிற மாதிரி மேலே மடிந்துகொள்கிறது. அந்த நேரத்தில் டீயை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டாம் போலிருக்கிறது.

சமையலறை மேசையில் எழுதுகிறேன், ஒரு கால் குட்டை. அதனால்தான் வரி இப்படி ஆடுகிறது.

அம்மா

*

மலை ஆராய்ச்சி நிலையம்
மே 9

என் தங்க அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நலமாகத்தான் இருப்பாய், இரு.

உன் தாள்களை மேடத்திடம் காட்டினேன். முதலில் நம்பவில்லை. பிறகு தூங்கும் நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போனதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "தூக்கத்தை இவ்வளவு சரியா பார்க்கிறவங்க, தொடுறத மட்டும் தப்பா பார்ப்பாங்களா? வித்தியாசம் செடியிலதான் இருக்கு" என்றார். சூடான ஊரில் வளர்ந்தால் தொடு உணர்வு கூடுகிறது, இதுவரை யாரும் சொல்லாத விஷயம், ஆகஸ்டு கருத்தரங்கில் நீயே மேடையேறிப் பேசு என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன்.

எல்லாம் உன் கை, அம்மா. மேடையில் அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

உன்,
வாலு

*

வீடு
மே 21

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மாமா இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்தான். இரண்டாவது தடவை முடித்ததும், கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டு வெளியே போனான். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மேடையேறுகிற நாளில் தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க இப்போதிருந்தே வெந்நீர் குடி.

எனக்கு இந்த வாரம் வேலை கொஞ்சம் சலிப்பு. ஒரு பையன் வந்தான், இரண்டாவதோ மூன்றாவதோ படிப்பான். ஒரே குத்தில் முடிய வேண்டியது மூன்று குத்து ஆகிவிட்டது. ஆடிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா அவனை நன்றாகத் திட்டினாள்.

ஒன்று கேட்கிறேன், தெரியாமல்தான் கேட்கிறேன். தொடுகிற ஆள் மாறினால் உன் கணக்கு மாறுமா?

மாமாவின் வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் இப்படிக் கிறுக்கல்.

அம்மா

*

மலை ஆராய்ச்சி நிலையம்
ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

வெந்நீர் குடித்துக் குடித்து வயிற்றில் குளமே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? சலிப்பாக இருந்தால் இரண்டு நாள் விடுப்புப் போடேன், உன்னை யார் கேட்கப் போகிறார்கள்?

தொடுகிற ஆள் மாறவே கூடாது. நீ தொடங்கினாய், நீயேதான் முடிக்க வேண்டும். மாமாவை அண்ட விடாதே. கருத்தரங்கில் என் பெயரைப் பதிந்துவிட்டார்கள். ஜூன் மாத அளவுகள் வந்தால் கட்டுரையை முடித்துவிடுவேன்.

உன்,
வாலு

*

மலை ஆராய்ச்சி நிலையம்
ஜூலை 1

அம்மா,

தபால் வண்டி நான்கு தடவை வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மாமா நலமா? மேடம் தினமும் ஜூன் கணக்கு எங்கே என்கிறார். கணக்கு கிடக்கட்டும், சுகம் என்று ஒரு வார்த்தை எழுது.

வாலு

*

வீடு
ஜூலை 11

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். மாமாவும் சுகம். முதலில் இதைப் படித்துவிட்டாய் அல்லவா, இப்போது உட்கார்ந்துகொண்டு மற்றதைப் படி.

உன் கருத்தரங்குக் கட்டுரையை நிறுத்து. நான் அனுப்பிய தொடு அளவுகள் அத்தனையும் தப்பு.

போன மாதம் ஒருநாள் அளவெடுக்கும் நேரத்தில் கையெல்லாம் சோப்பாக இருந்தது. நீ கூடாது என்று எழுதியிருந்தும், நேரம் தவறிவிடுமே என்று மாமாவைத் தொடச் சொன்னேன். மலை மாதிரி உடம்பு, இரும்பு மாதிரி விரல். அவன் தொட்டான். இரண்டே ஜோடி மூடியது. "சரியா தொடுடா" என்று கத்தினேன். அடுத்த செடியைத் தொட்டான். அதிலும் இரண்டு. மூன்றாவது செடியில் தூரிகையை வாங்கி நான் தொட்டேன். இலை மளமளவென்று மூடி, காம்பு விழுந்தது. மாமா செடியைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, தூரிகை ஆடுதுக்கா" என்றான்.

ஆடுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மடியில் வைத்தால் கல் மாதிரி கிடக்கும். எதையாவது குறிவைத்து நீட்டினால் போதும், தொடங்கிவிடும். நான் ஒருமுறை தொட்டதாக நினைத்தபோதெல்லாம் அந்த முடி இலையை நாலைந்து தடவை தட்டியிருக்கிறது. சூடான ஊருமில்லை, குளிர்ந்த ஊருமில்லை. உன் மேடம் கண்டுபிடித்தது என் கையை.

அதன் பிறகும் மூன்று வாரம் உனக்கு எழுதவில்லை. சொன்னால் உன் மேடை போய்விடும், சொல்லாவிட்டால் உன் பெயரே ஒருநாள் போய்விடும். இரண்டையும் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் முடிவுத்தாளுக்கு நகல் வாங்க அம்மாவோடு வந்தான். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நீ ஆடலடா. என் கைதான் ஆடிச்சு" என்றேன். "அப்ப எனக்கு ஏன் திட்டு விழுந்துச்சு?" என்று கேட்டான்.

அன்றைக்கே கூடத்து டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "உங்களைக் கேட்டுத்தானே எல்லாரும் வர்றாங்க, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே" என்றார். "ஓட்ட முடியாது டாக்டர், குத்து வாங்குறது நீங்க இல்ல" என்றேன். ஊசித் தட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், ஒளிப்பானேன். அந்தத் தட்டு என் இன்னொரு பிள்ளை மாதிரி.

அழுது முடித்து எழுந்தபோது ஒரு யோசனை வந்தது. தொட வேண்டும், கை கூடாது. நோயாளிக்கு மருந்து ஏற்றுவோமே, அந்த டிரிப் செட் ஒன்றைக் கூடத்தில் கேட்டு வாங்கிவந்தேன். மாமா வேனிலிருந்த ஒரு கம்பியை வளைத்து நட்டுக் கொடுத்தான். அதில் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டு, குழாய் முனையை நுனி இலைக்கு மேலே கட்டினேன். சக்கரத்தைத் திருகினால் ஒரு சொட்டு விழும். சொட்டுக்குச் சொட்டு எடை மாறாது. திருகுகிற கை எப்படி ஆடினால் என்ன, சொட்டுக்கு அது தெரியாது. பெரியவர்களுக்கான செட்டில் பாதி இலை மூடிவிட்டது. குழந்தைகளுக்குப் போடுகிற சின்னச் சொட்டு செட்டை மாட்டினேன். இரண்டு ஜோடி, சில தடவை மூன்று. இன்னொன்றும் உனக்காக இத்துடன் வருகிறது. நீயும் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதில் தொடங்கு. நான் நேற்றே தொடங்கிவிட்டேன்.

பழைய அளவுகளை மறைக்காதே. தொட்டவரின் கை நடுங்கியது, அதனால் நீக்கப்பட்டன என்று ஆய்விலேயே எழுது. பெயர் வேண்டுமென்றால் ஊசியம்மா என்று போடு. நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டிய காலத்தை மறைத்தே கழித்துவிட்டேன்.

அம்மா

*

மலை ஆராய்ச்சி நிலையம்
ஆகஸ்டு 19

அம்மா,

தாமதத்துக்குக் காரணம் தபால் வண்டி இல்லை. உன் கடிதம் வந்த அன்று அழுதேன். உனக்காக இல்லை, எனக்காக. போச்சு, எல்லாம் போச்சு என்று. உன்மேல் அவ்வளவு கோபம். எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையாக வரும் போலிருந்தது, அதனால் எழுதவில்லை.

பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக மேசையில் பரப்பினேன். பேனா சரியில்லை, மேசைக்குக் கால் குட்டை, வேனில் எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் எழுத்து முந்தைய கடிதத்தைவிட அதிகமாக ஆடியிருக்கிறது. பார்ப்பதுதான் என் வேலை, அம்மா. சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறேன். இலை ஒரு நூல் அசைந்தாலும் எழுதி வைக்கிறேன். மாதக்கணக்காக உன் எழுத்து என் கண்ணெதிரே நடுங்கியிருக்கிறது, நான் அதிலிருந்து எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மடித்து வைத்துவிட்டேன்.

மேடத்திடம் சொன்னேன். தொடு அளவுத் தாள்களைக் கோப்பிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். பிறகு, "கருத்தரங்குல பேரை எடுத்துடலாம். அந்தச் சின்னச் சொட்டு செட் இன்னும் ரெண்டு கிடைக்குமான்னு அம்மாகிட்ட கேளு" என்றார். மூட்டை கட்டச் சொல்லவில்லை. கருத்தரங்கு நடந்த நாளில் நான் இங்கே கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி அளவுக்கு எனக்கு வளைக்க வரவில்லை.

கைக்கு வைத்தியம் பார்த்தாயா? மறைக்காமல் எழுது. அக்டோபரில் வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உன்,
வாலு

*

வீடு
செப்டம்பர் 14

அன்பு மகள் வாலுவுக்கு,

கோபம் வந்ததை எழுதினாயே, அது போதும். வராமல் இருந்தால்தான் பயந்திருப்பேன்.

பெரிய மருத்துவமனையில் காட்டினேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, கூடவே இருக்கும், மாத்திரையில் கொஞ்சம் அடங்கும் என்றார்கள். ரத்தம் பார்க்க வேண்டுமென்று நம் கூடத்துக்கே அனுப்பினார்கள். என் இடத்தில் புதிதாக வந்திருக்கிற பெண்தான் எடுத்தாள். ஊசியம்மாவுக்கே ஊசியா என்று அவளுக்கு வேர்த்துவிட்டது, முதல் குத்து தவறியது. "பரவால்லம்மா, இன்னொரு தடவை குத்து" என்று கையை நீட்டினேன். வலிக்கத்தான் செய்தது. அந்தப் பையனுக்கு எப்படி வலித்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் இப்போது வாசலில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறேன். அழுகிற பிள்ளைகளைப் பிடித்துப் பேச்சுக் கொடுப்பதும் நான்தான். என்னைப் பார்த்து அழுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள், அதுதான் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது.

ஆகஸ்டுக் கணக்கு இத்துடன் வருகிறது. இரண்டு ஜோடி, மூன்று ஜோடி. நீ அனுப்பியதோடு வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக ஒன்று. இரண்டு ஊரிலும் செடி ஒன்றேதான். மேடையில் சொல்ல இதில் பெரிதாக எதுவும் இல்லை என்று உன் மேடம் நினைக்கலாம். நினைக்கட்டும். இது உண்மை, எழுது. மழைக்காலம் முடியும்வரை நான் விடப்போவதில்லை.

தூங்கும்போது இந்த நடுக்கம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். மாமா நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானாம். "சாயங்காலத்து இலை மாதிரி மடிஞ்சு கிடந்துச்சுக்கா, ஒரு அசைவு இல்ல" என்றான். சொல்லிவிட்டு வழக்கம்போல் தூசி என்று வெளியே போனான்.

அக்டோபரில் வா. குல்லாயைப் போட்டுக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கு, நானும் அந்தக் குரங்கைப் பார்க்க வேண்டும்.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பேனா நல்ல பேனா. மேசைக் காலுக்கு அட்டை வைத்தாயிற்று. கை அப்படி. நிதானமாகப் படித்துக்கொள்.

அம்மா